பள்ளிச் செய்தி யார் கையில் போய்ச் சேர வேண்டும்?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் புதிதாகத் தலைமையாசிரியர் பொறுப்பேற்றிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளியில் 74 குழந்தைகள், மூன்று ஆசிரியர்கள். பெற்றோருக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் எந்த அறிவிப்பைப் போட்டாலும் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது காணாமல் போகிறது. கூட்டத்துக்கு அழைத்தால் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். மறுநாள் "எங்களுக்கு யாரும் சொல்லலையே" என்று பலர் வாசலில் வந்து நிற்கிறார்கள். பள்ளி நடப்பைப் பெற்றோருக்கு முறையாகத் தெரிவிக்க என்ன வழி, இந்தக் குழுவை மூடிவிடலாமா என்பது அவருடைய கேள்வி. தருமபுரி மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கடைசியில் பேசலாம். முதலில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, 74 குழந்தைகளுக்கும் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு கேள்விக்கான பதிலை எழுதுங்கள்: இந்தக் குழந்தையைக் காலையில் எழுப்பி, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புகிறவர் யார்? எமிஸ் என்னும் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் இருக்கும் கைப்பேசி எண் பெரும்பாலும் தந்தையுடையது. அந்தத் தந்தை பெங்களூரில் கட்டட வேலையிலோ திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ இருப்பார். நீங்கள் அனுப்பும் "நாளை பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை" என்ற செய்தி சாரத்தின் மேல் நிற்கும் அவருடைய சட்டைப் பையில் போய் ஒலிக்கும். அவர் மாலையில் அதைப் பார்த்து, வீட்டுக்குப் பேசும்போது நினைவிருந்தால் சொல்லுவார். இதற்கிடையில், குழந்தையை உண்மையில் வளர்க்கிற ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இருப்பது பொத்தான் கைப்பேசி. அதுவும் ரீசார்ஜ் செய்யப்படாமல் உள்வரும் அழைப்பும் நின்று போயிருக்கும். நாம் செய்தி அனுப்பிவிட்டோம் என்பதும் உண்மை, அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

காகிதச் சுற்றறிக்கை மட்டும் சரியாகப் போய்ச் சேரும் என்று நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். ஒரு நாள் மாலை, பள்ளி விட்ட பிறகு, ஊர்ப் பால் சொசைட்டிக்கு முன்னால் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் ஆயாவுக்கு என்னுடைய அறிவிப்பைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். நான் எழுதியிருந்தது மூன்று செய்திகள்: வெள்ளிக்கிழமை கூட்டம், ஆதார் நகல், தினமும் பத்து நிமிடம் குழந்தையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்பது. அவள் முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள், "ஆதார்" என்ற சொல்லை மட்டும் கண்டுபிடித்தாள், மூன்றாவதைத் தாண்டிக் குதித்துவிட்டு, "அவ்வளவுதான் ஆயா" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். ஆயா அதைச் சுருக்குப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆதார் நகலோடு வந்து நின்றவர், "நீங்க எழுதி அனுப்பினதெல்லாம் செஞ்சாச்சு டீச்சரம்மா" என்றார். அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. படிக்கத் தெரியாத வீட்டுக்கு எழுத்தில் செய்தி அனுப்பினால், அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு அந்தச் செய்தியால் சிக்கலுக்கு உள்ளாகிற குழந்தையிடமே போய்ச் சேர்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

ஆகவே அந்த நோட்டில் ஆளின் பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு விவரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் படிக்கத் தெரியுமா, அவர் காலையிலும் மாலையிலும் எங்கே இருப்பார் என்பவை அவை. எங்கள் ஊரில் பாதித் தாய்மார்கள் ஏரி வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஏரிக்கரையில் அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டு வந்தால், மூன்று சுற்றறிக்கைகள் செய்யாததைச் செய்துவிடலாம். மீதிப் பேர் காலையில் பால் சொசைட்டியில் வரிசையில் நிற்பார்கள். பள்ளி வாசலில் மாட்டியிருந்த அறிவிப்புப் பலகையை அங்கே நான் கொண்டுபோய் வைத்ததற்கு அதுதான் காரணம். உங்கள் ஊரில் அது நியாய விலைக் கடையாக இருக்கலாம், தண்ணீர்க் குழாயடியாக இருக்கலாம். ஓசூர்ப் பக்கம் என்றால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் இருப்பார்கள், திருப்பூர் என்றால் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வீடுகளுக்கு அதே மொழி பேசும் இன்னொரு பெற்றோரையே தூது வைக்க வேண்டும்.

இதெல்லாம் ஆசிரியரின் வேலையா என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் கேட்கக் கூடும். சட்டப்படி ஆம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்லும் 24-ஆம் பிரிவு, பெற்றோருடன் தவறாமல் கூட்டங்கள் நடத்தி, குழந்தையின் வருகை ஒழுங்கு, கற்கும் திறன், கற்றலில் அடைந்துள்ள முன்னேற்றம், குழந்தையைப் பற்றிய பிற தேவையான விவரங்கள் ஆகியவற்றை அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அந்த வரிசையை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். அதில் உள்ள எல்லாமே குறிப்பிட்ட ஒரு குழந்தையைப் பற்றியவை. நாமோ குழுவில் போடுவது விடுமுறை அறிவிப்பு, கொடியேற்றப் படம், அதிகாரி வருகைப் படம். தன் பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் இல்லாத இடத்தை எந்தத் தாயும் தினமும் திறந்து பார்க்க மாட்டார்.

கற்றலைப் பற்றிச் சொல்வதில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம் என்பது என் கருத்து. கொரோனாக் காலத்துக்குப் பிறகு, 2022-இல், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. குழந்தைகளை அவர்களுடைய நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது வகுப்பறைக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றாம் வகுப்புப் பையனின் தாயிடம் "உங்கள் மகன் அரும்பில் இருக்கிறான்" என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? ஒன்று, அது ஏதோ பரிசு என்று நினைப்பார். அல்லது பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர் என்று தெரிந்தவுடன் வீட்டில் பையனுக்கு அடி விழும். இரண்டும் நடந்து நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக, "இப்போது இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைத் தடையின்றிப் படிக்கிறான், கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் திணறுகிறான், 'கோ', 'தோ' என்று வரும் சொற்களைக் கடைப் பலகையில் பார்த்தால் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பேருந்தில் போகும்போது மகனை ஜன்னலோரம் உட்கார வைத்துக் கேட்பார். இப்படி ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று வைத்துக்கொண்டால், மூன்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு வீட்டிடம் பேசினால் போதும். ஐந்து வாரத்தில் 74 பேரும் ஒரு சுற்று முடிந்துவிடும். நேரில் முடியாத வீட்டுக்குக் கைப்பேசியில் பேசலாம். அழைத்தவுடன் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்று தொடங்க மறக்காதீர்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் வீடுகள்தான் நம்முடையவை. இத்தனை காலமும் நாம் பிரச்சினை என்றால் மட்டுமே அழைத்திருக்கிறோம்.

அடுத்தது உணவும் உடல்நலமும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த பிறகு, குழந்தை காலையில் சாப்பிட்டதா என்பது வீட்டுக்குத் தெரிய வேண்டிய செய்தியாகிவிட்டது. "பள்ளியில் போடுகிறார்கள்" என்று நினைத்து வீட்டில் எதுவும் கொடுக்காமல் அனுப்புகிறார்கள். குழந்தையோ தாமதமாக வந்து, பாத்திரம் கழுவி வைத்த பிறகு பசியோடு வகுப்பில் உட்காருகிறது. உணவு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்ற ஒரே ஒரு தகவலை எல்லா வீட்டுக்கும் வாய்மொழியாகச் சேர்த்துவிடுங்கள். காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்களே இந்தச் செய்தியைக் கொண்டு சேர்க்கச் சிறந்தவர்கள், அவர்களும் அதே தெருக்காரர்கள்தானே.

குடற்புழு நீக்க மாத்திரை நாள் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. ஆண்டுதோறும் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாட்களை ஒட்டி அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைப் பள்ளியிலேயே மென்று விழுங்கக் கொடுக்கிறோம். வயிற்றில் புழு மிகுதியாக உள்ள ஓரிரு குழந்தைகளுக்கு அன்று குமட்டலோ லேசான வயிற்றுவலியோ வரக் கூடும். சற்று நேரத்தில் தானாக அடங்கிவிடும். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் வீட்டில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். சொல்லாமல் விட்டால், பள்ளியில் கொடுத்த மாத்திரையால் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று மாலைக்குள் பக்கத்து ஊர் வரை பேச்சுப் போய்விடும். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்கு அன்று மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதால், "உடம்பு சரியில்லை என்றால் காலையிலேயே எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்பதும் அதே அறிவிப்பில் இருக்க வேண்டும். தகவல் இரு பக்கமும் ஓட வேண்டிய இடம் இது.

கெட்ட செய்தியைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், நான்காம் வகுப்புப் பையன் இடைவேளையில் ஓடி, படிக்கட்டில் விழுந்து, புருவத்துக்கு மேல் சிறிதாகக் காயம்பட்டது. கழுவி, மருந்து போட்டு, வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, சாதாரணக் காயம்தானே என்று வீட்டுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்கு மணிக்கு அவன் நெற்றியில் பஞ்சோடு தெருவில் நடந்தான். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் பயத்தில் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறான். ஐந்து மணிக்குள் "டீச்சர் ஸ்கேலால் அடித்துவிட்டார்" என்று ஆகி, மாமன், சித்தப்பன் என்று எட்டுப் பேர் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பையனே வந்து உண்மையைச் சொன்ன பிறகுதான் சமாதானமானார்கள். அன்று முதல் எனக்கு ஒரு கணக்கு: காயம்பட்ட குழந்தை வீடு சேர்வதற்கு முன்னால் செய்தி வீடு சேர்ந்திருக்க வேண்டும். எவ்வளவு சின்னக் காயமாக இருந்தாலும் சரி. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், என்ன மருந்து போட்டோம் என்ற நான்கையும் மறைக்காமல் சொல்லி, அதையே ஒரு பதிவேட்டில் நேரத்தோடு எழுதி வைத்துவிட வேண்டும். பிள்ளைகளிடையே சண்டை என்றால் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரு வீட்டிடம் மற்றக் குழந்தையின் பெயரைச் சொல்லாமலே பேச முடியும். புகார் சொல்ல வேறு வழியும் உண்டு என்று வீடுகளுக்குத் தெரியட்டும். பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய இரண்டு எண்களையும் வாசல் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். தனக்கெதிராகப் புகார் செய்யும் எண்ணைத் தானே எழுதி வைக்கும் தலைமையாசிரியரிடம் பெற்றோர் முதலில் நேரில் வந்து பேசுவார்கள் என்பது என் அனுபவம்.

எதைத் தெரிவிக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடாதீர்கள் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். ஆனால் உதவித்தொகைப் பட்டியல்? மூன்றாம் வகுப்பு முதல் பெண் குழந்தைகளுக்கு வழங்கப்படும் ஊக்கத் தொகை சாதிப் பிரிவை வைத்துத் தீர்மானிக்கப்படுவது. "கீழ்க்கண்டவர்கள் வங்கிக் கணக்குப் புத்தக நகல் கொண்டு வரவும்" என்று பதினோரு பெயர்களைப் போட்டீர்கள் என்றால், பதினோரு குழந்தைகளின் சாதியை ஊருக்கு அறிவித்துவிட்டீர்கள். அது ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது ஒரு சமாதானம் ஆகாது. பள்ளியின் வாயால் அது வரக் கூடாது. இதைத் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும். படங்களும் அப்படியே. குழந்தை அழுதுகொண்டிருக்கும் படம், கிழிந்த உடையில் இலவசச் சீருடை வாங்கும் படம், தட்டோடு வரிசையில் நிற்கும் படம் ஆகியவற்றை எந்த அதிகாரி கேட்டாலும் பெற்றோர் குழுவில் பகிர வேண்டாம். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. சேர்க்கையின்போதே, படம் எடுக்கலாமா, எங்கே பகிரலாம் என்று கேட்டு அந்த நோட்டுப் பக்கத்திலேயே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேர் வருவதைப் பற்றி. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு முழுவதும் இக்குழுக்கள் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டபோது எங்கள் பள்ளிக்கு அன்று மட்டும் ஊரே வந்திருந்தது. தேர்தல் என்றால் நம் மக்கள் வருவார்கள். பிறகு ஏன் வருவதில்லை? ஏனென்றால் நாம் அழைப்பது பெரும்பாலும் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கத்தான். பெண்களுக்கு அரை நாள் கூலி போகிறது, அதற்கு ஈடாக நாம் தருவது தேநீரும் ஒரு நீண்ட உரையும்.

நான் ஒரு முறை கணக்கைப் படித்துக் காட்டிப் பார்த்தேன். 31 முதல் 100 வரை குழந்தைகள் உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியமாக ஆண்டுக்கு 25,000 ரூபாய் என்றும், அதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு என்றும் மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதி இருக்கிறது. உங்கள் 74 குழந்தைகளுக்கும் அதே தொகைதான். அந்தத் தொகையை, துடைப்பம் இத்தனை, பினாயில் இத்தனை, சாக்பீஸ் இத்தனை, மின்விசிறி பழுது இத்தனை என்று ரசீதோடு கரும்பலகையில் எழுதினேன். முன் வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்து, "பினாயில் இந்த விலை இல்லியே டீச்சர், சந்தையில கேன்ல வாங்கினா பாதிக் காசுதானே" என்றார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அடுத்த மாதம் பினாயில் அவர் வழியாக வந்தது, கூட்டத்துக்கு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்ததை நான் கவனிக்கும் முன்னரே ஒருவர் வந்து மாற்றிவிட்டுப் போனார். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், ஊருக்கு ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். பள்ளிக்கு என்ன இல்லை என்பதை முதலில் பட்டியலிட்டு ஊரார் முன் வைத்ததனால்தான் அது நடந்தது. இல்லாததைச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம், அதனால் கேட்கிறவர்களும் இல்லை. பள்ளியின் தேவைகளை ஜனவரி 26, மே 1 போன்ற நாட்களில் கூடும் கிராம சபையிலும் குழுத் தலைவியே எழுந்து சொல்லும்படி செய்யுங்கள். கூட்ட நேரத்தை ஏரி வேலை முடிந்து வரும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் வாட்ஸ்அப் குழு. மூட வேண்டாம். அமைப்பில் போய், நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று மாற்றிவிடுங்கள். காலை வணக்கம் அன்றே நின்றுவிடும். குழு வேண்டாம், ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) போதும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும், நம் வீடுகளில் பாதிப் பேர் பதிந்திருக்க மாட்டார்கள். குழுவிலேயே அரை நிமிடக் குரல் பதிவாகப் பேசுங்கள், ஒரு பதிவில் ஒரு செய்தி மட்டும். நாளையும் கிழமையையும் தேதியோடு சொல்லுங்கள். மழைக்காலத்தில் பழைய விடுமுறை அறிவிப்புகள் ஆண்டுதோறும் மறுபடி சுற்றி வரும். தேதி இல்லாத எந்தச் செய்தியும் நம் பள்ளியுடையது அல்ல என்று பெற்றோரைப் பழக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். கேட்டு முடித்தவர்களை ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். மாலை வரை மிஸ்டு கால் வராத வீடுகளை நோட்டில் பார்த்து, அந்தத் தெருவில் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரிடம் சொல்லியனுப்புங்கள். 74-இல் பதினைந்து, இருபது வீடுகள்தான் மிஞ்சும்.

முதல் பதிவாக இப்படிப் பேசலாம்: "வணக்கம், நான் உங்கள் பிள்ளைகளின் தலைமையாசிரியர் பேசுகிறேன். இன்று ஜூலை 7, திங்கட்கிழமை. இந்த வாரம் முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே பேசப் போகிறோம், பிள்ளை என்ன படிக்கிறது என்று சொல்வதற்காக. பள்ளி எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பயப்பட வேண்டாம்."